வெடியுப்பும் மூச்சும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடுக்குகளில் நுழைந்து புறப்பட்டு, ராஜபாளையத்துச் சமவெளியைக் கடந்து கிழக்கு நோக்கி வருகிற ஆனி, ஆடிக் காற்று ஆலங்குளத்தை எட்டும்போது வெறுமனே வருவதில்லை. (தென்காசியை அடுத்த ஆலங்குளத்தை நான் சொல்லவில்லை, விருதுநகர் ஜில்லாவில், வெம்பக்கோட்டை வட்டாரத்தில், சுண்ணாம்புப் பாறையின்மீது அமைந்திருக்கும் ஆலங்குளத்தையே சொல்கிறேன்.) கோடை முழுவதும் வெடித்துக் கிடந்த கரிசலின் புழுதி அதில் இருக்கிறது; 1970இல் உற்பத்தி தொடங்கி, 1976 முதல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் வசமுள்ள ஆலைக்காகத் தோண்டி உடைத்த சுண்ணாம்புக் கல்லின் வெண்பொடி இருக்கிறது; சிவகாசியைச் சுற்றிப் பரந்து கிடக்கும் பட்டாசுச் சாலைகளின் கந்தக நெடியும் கரித்தூளும், காற்று திசை மாறும் நாட்களில், அதோடு வந்து கலந்துகொள்கின்றன. கிணறு உவர்த்துப்போன காலத்தில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்த மக்கள் இவ்வட்டாரத்து மக்கள். காற்றுக்கு மட்டும் அடுத்த ஊர் என்று ஒன்று கிடையாது. நிற்கிற இடத்துக் காற்றையே, நிற்கிற அந்தக் கணத்திலேயே ஏற்றாக வேண்டியிருக்கிறது. அந்தக் காற்று நாசியில் நுழைந்த பிறகு எங்கே போகிறது, எந்த வேகத்தில் போகிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது, எதை நம்மிடம் விட்டுவிட்டுத் திரும்புகிறது என்பதையெல்லாம் கூடவே நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

நம் முன்னோர் மூச்சைப் பற்றிச் சிந்தித்த அளவுக்குச் சரீரத்தின் வேறெந்தத் தொழிலைப் பற்றியும் சிந்தித்ததாகத் தோன்றவில்லை. உள்ளே வாங்குவதைப் பூரகம் என்றும், நிறுத்துவதைக் கும்பகம் என்றும், வெளிவிடுவதை ரேசகம் என்றும் பகுத்தார்கள்; சரீரத்துக்குள் உலவும் வாயுக்களைப் பிராணன் முதல் தனஞ்செயன் ஈறாகப் பத்தென்று எண்ணினார்கள்; இடது நாசியில் ஓடுவதை இடகலை என்றும் வலது நாசியில் ஓடுவதைப் பிங்கலை என்றும் பிரித்து, இரண்டும் முறைவைத்து மாறிமாறி ஓடுகின்றன என்று சர சாஸ்திரம் எழுதிவைத்தார்கள். நாசியின் உட்சவ்வு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைமாறுவதை 1895இல் ரிச்சர்டு கைசர் என்ற ஜெர்மானிய வைத்தியர் விவரித்து எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து, மூக்கின்கீழ் விரலை வைத்து, இப்போது எந்தக் கலை ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த நம் கிழவர்களுக்கு அது பழைய செய்தி. ஒரு நாளைக்கு 21,600 சுவாசம் என்று அவர்கள் வைத்த கணக்கும் நிமிஷத்துக்கு 15ஆக வகுபட்டு, இன்று ஆஸ்பத்திரியில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிற எண்ணிக்கைக்குள் ஒழுங்காக அடங்கிவிடுகிறது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூச்சின் எண்ணிக்கையையும் முறையையும் அவ்வளவு கூர்மையாகக் கவனித்த அந்தச் சாஸ்திரம், நெஞ்சுக்குள் இறங்கிய காற்று அங்கே என்ன ஆகிறது என்பதைத் தியானத்தால் கண்டதேயன்றி, அறுத்துப் பார்த்துக் கண்டதில்லை. நாசிக்குக் கீழே நமக்கு வேறு வழிகாட்டிகள் தேவைப்படுகிறார்கள்.

நாசியிலேயே கொஞ்சம் நிற்கலாம். அதன் பெருமையை நாம் போதுமான அளவு உணர்ந்ததில்லை. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் மும்மூன்றாகச் சுருண்டு நிற்கும் மெல்லிய எலும்பு மடிப்புகளின்மேல் ஈரமான சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வுக்கடியில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. மார்கழி விடியலின் குளிர்ந்த காற்றானாலும், சித்திரை நண்பகலின் அனல் காற்றானாலும், இம்மடிப்புகளின் இடுக்கில் வளைந்து திரும்பித் தொண்டையை அடைவதற்குள் சரீரத்தின் சூடாகிய 37 பாகையை நெருங்கிவிடுகிறது. வறண்டு வந்தது ஈரம் பெற்றுவிடுகிறது. கத்திரி வெயிலில் சரீரத்தைவிடச் சூடாக வருகிற காற்றைத் தணித்து உள்ளே அனுப்புவதும் இதே நாசிதான். புழுதியில் பருத்த துகள்கள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை, அநேகமாக இங்கேயே ரோமத்திலும் சளியிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. கரிசல் காட்டில் ஏர் பின்னே நடந்தவர்களுடைய மூக்கு, மாலையில் கைக்குட்டையில் கறுப்பாகக் கக்கியதெல்லாம் இப்படி நிறுத்தப்பட்ட புழுதியே.

தொண்டையில் அன்னத்தின் பாதையும் காற்றின் பாதையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி சாய்ந்து, காற்றின் வழியை அடைத்துக்கொள்கிறது. அந்த ஏற்பாடு தவறினால் புரையேறுகிறது. குரல்வளையில் திரும்பி வரும்போது நிற்க வேண்டியிருப்பதால், இப்போது தாண்டிப் போவோம்.

மூச்சை நாம் இழுக்கிறோம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பௌதிக சாஸ்திரப்படி பார்த்தால் இழுப்பவர் யாரும் இல்லை. தானாக விரியும் வலிமை நுரையீரலுக்குக் கிடையாது. அதற்குக் கீழே கூடாரம்போல் வளைந்து நிற்கும் உதரவிதானம் என்ற தசைத்தகடு கீழிறங்க, விலா எலும்புகள் மேலும் வெளியும் எழ, நெஞ்சறை பெரிதாகிறது. பெரிதான அறையோடு ஒட்டிக்கொண்டு நுரையீரலும் விரிகிறது. உள்ளே அழுத்தம் கிஞ்சித்துக் குறைகிறது. அக்குறைவு, அமைதியான சுவாசத்தில், ஒரு சென்டிமீட்டர் உயரத்து நீரின் பளுவுக்குத்தான் சமம். அவ்வளவு அற்பமான வித்தியாசம் போதும்: நம் தலைக்குமேல் ஆகாயம் வரை நிற்கிற வாயு மண்டலத்தின் பாரம் முழுவதும் காற்றைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறது. இடம் கொடுப்பதொன்றே நம் பங்கு. நுழைவது வெளியிலுள்ள உலகத்தின் பங்கு. தூக்கத்திலும் மயக்கத்திலும்கூட இந்த இடங்கொடுத்தல் நிற்பதில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவித பயபக்தி உண்டாகிறது.

குரல்வளைக்குக் கீழே, பெரியவர்களிடத்தில் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள மூச்சுக்குழல், பின்பக்கம் திறந்த குருத்தெலும்பு வளையங்களால் நிமிர்த்தி நிறுத்தப்பட்டு, நடு நெஞ்சில் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை சற்று அகலமாகவும் செங்குத்தாகவும் இறங்குவதால், குழந்தைகள் தெரியாமல் உறிஞ்சிவிடும் புளியங்கொட்டையும் கடலைப்பருப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போய்ச் சிக்குகின்றன. பிரிந்த கிளை மறுபடி பிரிகிறது. அதன் கிளை மறுபடியும் பிரிகிறது. இவ்வாறு 23 தலைமுறை பிரிவதாக 1963இல் எவால்ட் வைபெல் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் அளந்து எழுதினார். ஒவ்வொரு பிரிவிலும் குழல் சிறுக்கிறது. ஆனால் குழல்களின் தொகை பெருகுவதால், காற்று பாயக்கூடிய மொத்த விஸ்தீரணம் அளவு கடந்து விரிந்துகொண்டே போகிறது. கண்மாயின் மடையைத் திறந்தவுடன் சீறிப் பாய்கிற தண்ணீர், வாய்க்காலில் நடந்து, வரப்புகளுக்கிடையே புகுந்து, கடைசி வயலின் மண்ணில் நகர்வதே தெரியாமல் ஊறிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மூச்சுக்குழலில் வேகமாக வந்த காற்று, கடைசிக் கிளைகளை அடையும்போது ஏறக்குறைய நின்றே போகிறது. அதற்கப்பால் ஓட்டம் இல்லை. அணுத்திரளைகள் தாமே அலைந்து பரவுவதால்தான் பிராணவாயு எஞ்சிய சிறு தூரத்தைக் கடக்கிறது. இவ்வளவு ஆரவாரத்தோடு உள்ளே வந்தது, முக்கியமான கடைசி மில்லிமீட்டரில் யாருடைய உந்துதலும் இன்றிப் போய்ச் சேர்கிறது என்பதை முதன்முதல் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. சாதாரணமாக ஒரு மூச்சில் வாங்குவது 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் குழல்களிலேயே தங்கி, எந்தக் காரியமும் செய்யாமல் திரும்பிவிடுகிறது. மிகுந்த 350 மில்லிலிட்டர் உள்ளே போய்ச் சேரும்போது, அங்கே முன்பே 2,300 மில்லிலிட்டர் அளவுக்குப் பழைய காற்று குடியிருக்கிறது. ஆகவே ஒரு மூச்சில் நெஞ்சின் காற்று முழுவதும் புதிதாவதில்லை. ஏழில் ஒரு பங்குதான் புதிதாகிறது. எவ்வளவு முக்கி வெளியேற்றினாலும் ஒரு லிட்டருக்குமேல் எஞ்சியே நிற்கும். மற்ற ஒன்பது வாயுக்களும் போன பிறகும் தனஞ்செயன் மட்டும் உடலை விட்டுப் போவதில்லை என்று பெரியவர்கள் சொன்னது என் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றே என்று நிறுவ நான் முற்படவில்லை. வெளியேறாத காற்று ஒன்று உண்டு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது என்பதே எனக்குப் போதுமான ஆச்சரியம்.

கடைசிக் கிளைகளின் நுனியில் காற்று நுண்ணறைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. பெரியவர் ஒருவருக்கு இவை 30 கோடிக்குக் குறையா. அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பாகும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே நிற்கிற திரையோ, ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறிட்டால் ஒரு கூறளவு தடிப்பே உடையது. அத்திரையின் அருகே ஒரு சிவப்பணு ஓய்வாக இருக்கும் மனிதனிடத்தில் முக்கால் நொடி நேரம் நகர்ந்து செல்கிறது. அதற்குள் பிராணவாயுவை வாங்கிக்கொண்டு, கரிவாயுவைக் கொடுத்துவிட்டு, இருதயத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. சிவப்பணு நகரும் இந்த மெல்லிய இரத்தக் குழாய்களைத் தவளையின் நுரையீரலில் உருப்பெருக்கியின் வழியாக மார்செல்லோ மால்பிகி கண்டு சொன்ன வருஷம் 1661.

ஆனால் அந்தச் சிவப்பணு வாங்கிக்கொள்வது எது? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவரை, பட்டாசு மண்ணில் பிறந்தவர்கள் தங்களுடையவராகவே கொண்டாட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஜான் மேயோ என்பது அவர் பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வைத்தியர். நாற்பது வயது காணாமல் 1679இல் மறைந்தவர். எரிகிற மெழுகுவர்த்தியையும் உயிருள்ள எலியையும் நீரின்மேல் கவிழ்த்த கண்ணாடிக்குள் அடைத்துப் பார்த்து, தீயும் உயிரும் காற்றின் ஒரே பகுதியைத் தின்று தீர்க்கின்றன என்று அவர் கண்டார். அத்துடன், வெடிமருந்து வெளிக்காற்றே இல்லாத இடத்திலும் எரிவதைக் கவனித்து, காற்றில் உயிரைக் காக்கிற எந்த நுண்பொருள் உண்டோ அதுவே வெடியுப்புக்குள்ளும் அடங்கிக் கிடக்கிறது என்று 1674இல் வெளியிட்ட நூலில் எழுதினார். (அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிய சரக்குகளில் வங்காளத்து வெடியுப்பும் ஒன்று.) அவர் சொன்னதில் பிழைகள் இருந்தன, அந்த வாயுவைப் பிரித்தெடுக்க ஷீலேயும் பிரீஸ்ட்லியும் வரவேண்டியிருந்தது, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் தகனமே என்று சொல்ல லவாசியே வரவேண்டியிருந்தது. எனினும் மேயோவின் உள்ளுணர்வு நேரான பாதையில்தான் ஓடியது. கரிமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. கரியும் கந்தகமும் எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அந்த உப்பே தருகிறது. காகிதக் குழலுக்குள் இறுக்கி அடைத்த ஒரு வெடி, காற்று துளியும் புகாத நிலையிலும் வெடிப்பது அதனால்தான்: தான் விடவேண்டிய ஒரே மூச்சை அது தன்னுள்ளேயே சேமித்து வைத்திருக்கிறது.

அந்தச் சேமிப்பைக் கலப்பதும், சலிப்பதும், செலுத்துவதும் மனிதக் கைகள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் முதல், மழை பொய்த்த இந்தச் சீமைக்கு மருந்தே சோறு போட்டு வந்திருக்கிறது; அந்தச் சோற்றை இழிவாகப் பேச எனக்கு வாய் வராது. கருந்திரி உருட்டியும், சரம் பின்னியும், மணி மருந்து அடைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் மூச்சின் பாதையை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்து வந்தவன், அந்தப் பாதையில் மருந்து எங்கே நிற்கிறது என்று கேட்காமல் போக முடியாது.

மருந்து கலந்து ஓய்ந்த ஒரு பெரியவர், வேப்பமரத்தடிக் கட்டிலில் இருந்தபடி எனக்கு இதனைச் சொன்னார்: "மூக்குல நின்னத தும்மிருவோம், தம்பி... தொண்டையில நின்னத... காறித் துப்பிருவோம்... உள்ள எறங்குனத... என்ன செய்ய?"

நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் சொல்லிவிட்டார். பருத்த துகள் நாசியில் நிற்கும். நடுத்தரமானது கிளைக்குழல்களில் சளியில் ஒட்டும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, அச்சளியைச் சிறிது சிறிதாக மேலேற்றித் தொண்டைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகளோ, ஏறக்குறைய நின்றுபோன காற்றோடு நுண்ணறை வரை போய் அமர்ந்துவிடும். அங்கே நுண்மயிர் இல்லை, சளி இல்லை. விழுங்கியணுக்கள் மட்டுமே காவல். கரிசலின் பருத்த புழுதியை வாசலிலேயே நிறுத்தத் தெரிந்த சரீரம், அரைத்தும் எரித்தும் மனிதன் உண்டாக்கிய நுண்பொடியின் முன் இவ்விடத்தில் தோற்றுப்போகிறது. சிலிக்காத் துகளை விழுங்கிய அணு அதனாலேயே மடிந்து, விழுங்கியதை மறுபடியும் வெளியே கொட்டிவிடுகிறது; அவ்விடம் தழும்பாகிறது. கல்நாரின் இழை அந்த அணுவைவிட நீளமாக இருந்தால் விழுங்கவே இயலாது. அதன் தீங்கு பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலையோடு கல்நார்த் தகடு செய்யும் பிரிவு ஒன்றும் இயங்கிவந்தது என்பதை நினைக்கும்போது, இந்த வாக்கியத்தை நான் பொதுச் செய்தியாக மட்டும் எழுதிக் கடந்துவிட முடியவில்லை. பட்டாசுக்குப் பளபளப்பைக் கொடுக்கும் அலுமினியப் பவுடரும் தீங்கற்றதன்று; இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜெர்மனியில் வெடிபொருளுக்காக அதனை இடித்தவர்களுடைய நுரையீரல் தழும்பேறியதை அந்நாட்டு வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தூசியில் உழைக்கிறவர்கள் வெல்லம் தின்னும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். லக்னோவிலுள்ள தொழில் நச்சியல் ஆராய்ச்சி நிலையத்தார் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வெல்லம் கொடுத்த எலிகளின் நுரையீரலிலிருந்து கரித்தூசி கூடுதலாக அகன்றதாகக் கண்டார்கள். அந்த வழக்கத்தில் சாரம் இருக்கலாம். ஆனால் முகக்கவசத்துக்கும் தூசியை உறிஞ்சி அகற்றும் எந்திரத்துக்கும் ஈடாக ஒரு வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்துவிடும் முதலாளியை என்னால் மன்னிக்க முடியாது.

2015இல் டெல்லியில், ஆறு மாதத்துக்கும் பதினான்கு மாதத்துக்கும் இடைப்பட்ட மூன்று குழந்தைகளின் பெயரால், அவர்களுடைய தந்தையர் பட்டாசுப் புகைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். பிறக்கும்போது நுண்ணறைகளில் ஒரு சிறு பங்கே அமைந்திருக்கிறது. மீதி, பிறந்த பிறகு, முக்கியமாக முதல் இரண்டு மூன்று வருஷங்களில் உண்டாகிறது. ஆதலால் அக்குழந்தைகளின் வயதே அவர்களுடைய வாதத்துக்கு வலுவான சான்று. 2018 அக்டோபர் 23ஆம் தேதித் தீர்ப்பு, சரவெடியைத் தடுத்தது. பச்சை உப்பு என்று நம் பக்கத்தில் சொல்லும் பேரியம் நைட்ரேட்டை விலக்கியது. புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அதனால் இங்கே பட்டாசுச் சாலைகள் அடைபட்டதும், கூலி நின்றதும், ஊர்கள் வாடியதும் நாம் கண்ணால் கண்டவை. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அந்த வாட்டத்தை அலட்சியமாகப் பேசியவர்கள் அநியாயம் செய்தார்கள் என்றும் கருதுகிறேன். என் மனத்தை அறுப்பது வேறொன்று. தீபாவளி இரவில் சில மணி நேரம் புகையை உட்கொள்கிற நுரையீரலைப் பற்றி நாடு முழுவதும் பேசினார்கள். வருஷம் முழுவதும், புகையாவதற்கு முந்திய அந்தத் தூளையே உட்கொள்கிற நுரையீரல் அந்தப் பேச்சில் அரிதாகத்தான் தலைகாட்டியது. வெடிவிபத்தில் இறந்தவர்களுக்குப் பத்திரிகையில் செய்தி உண்டு, நிவாரணம் உண்டு. நுண்ணறையில் தழும்பேறி, நாலைந்து வருஷம் கட்டிலில் கிடந்து போனவர்களுக்கு இரண்டும் இல்லை.

திரும்பும் பயணம் சுருக்கமானது. விரிந்த நெஞ்சு தன் நெகிழ்வினாலேயே சுருங்க, நூற்றுக்கு 21 பங்காக உள்ளே போன பிராணவாயு 16 பங்காகக் குறைந்து வெளியே வருகிறது. கரிவாயு ஏறக்குறைய நூறு மடங்கு பெருகி வருகிறது. இந்தக் கழிவுக் காற்றைத்தான் குரல்வளை பிடித்து நிறுத்தி ஒலியாக்குகிறது. காற்று உள்ளே போகும் வழியை ஆராயாத தொல்காப்பியர், வெளியே வரும் வழியை எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்! உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தாகிற முறையை அவர் வகுத்துச் சொல்லும்போது, வைத்தியன் எழுதவேண்டிய ஓர் அத்தியாயத்தை இலக்கணக்காரன் எழுதிவிட்டான் என்றே தோன்றுகிறது. மூச்சின் அளவே வாக்கியத்தின் அளவுக்கு எல்லை. நீண்ட வாக்கியம் பேச நிறைந்த நெஞ்சு வேண்டும். நுரையீரல் விறைத்தவர் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்றுதான் பேச முடியும். வேப்பமரத்தடியில் அந்தப் பெரியவர் அப்படித்தான் பேசினார். நான் முதலில் அதை முதுமையின் நிதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதனை ஒரு சோதனையாகவே வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆழ மூச்சு வாங்கி, மறுபடி வாங்காமல், ஒன்று, இரண்டு என்று ஒரே சீராக எண்ணச் சொல்வார்கள். நலமுள்ள பெரியவர் ஒருவர் நாற்பது ஐம்பது வரை போவார். துல்லியமான சோதனை அன்று. ஊதிப் பார்க்கும் கருவிக்கும் எக்ஸ்ரேக்கும் அது ஈடாகாது. சிலிக்காவாலும் கல்நாராலும் வரும் நோய்களை 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் வரிசையில் வைத்தது. அறிவிப்பதற்கு முன்னால் யாராவது கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? எண்ணுவதற்கு மின்சாரம் வேண்டா, ரூபாய் வேண்டா, வெயிலேறுவதற்கு முன் மருந்து கலக்கப் போகிறவர்களை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும். ஒவ்வொருவரும் எத்தனை வரை எண்ணினார் என்பதை வருகைப் பதிவேட்டிலேயே பெயருக்கு எதிரே ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கலாம்; சென்ற தடவை நாற்பத்தைந்து எண்ணியவர் இந்தத் தடவை முப்பத்திரண்டில் நின்றுவிட்டால், அவரை அன்றைக்கே மருந்தறையிலிருந்து மாற்றி, பெட்டி ஒட்டும் வேலைக்கு அதே கூலியில் அனுப்பிவிட்டு, விருதுநகர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.